ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு

கிராண்ட் கேன்யனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கீழே இறங்குவதே இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தெற்கு விளிம்பு என்று அழைக்கப்படும் மேட்டில் நின்று பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அடியில் ஓடும் கொலராடோ ஆற்றின் கரைவரை இறங்கி ஏறியவர்கள் இதைப் பார்த்த கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நிலவியலைப் பொறுத்தவரை அது நியாயமல்ல. 446 கி.மீ. நீளம், சில இடங்களில் 29 கி.மீ. வரை அகலம், ஏறத்தாழ 1.6 கி.மீ. ஆழம் கொண்ட ஒரு பள்ளத்தாக்கின் அமைப்பு மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். அடியில் நிற்பவருக்குப் பக்கத்துச் சுவர் மட்டும் தெரியும். விளிம்பில் நிற்பவருக்கு 150 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பாறை வரிசை எதிரே ஒரே பார்வையில் கிடைக்கும். முழங்கால் ஒத்துழைக்காத வயதில் அங்கே போகிறவர்கள் எதையும் இழப்பதில்லை என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

நானும் என் மனைவியும் பணி ஓய்வுக்குப் பிறகு, மகள் குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். இளையவர்கள் விடியற்காலையிலேயே பிரைட் ஏஞ்சல் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கிவிட்டு வருவதாகக் கிளம்பினார்கள். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. காரணம் எளிது. மலையேற்றத்தில் களைப்பு வந்தால் திரும்பி இறங்கிவிடலாம், இங்கே களைத்த பிறகுதான் ஏற வேண்டும். அதோடு, இறங்க இறங்கச் சூடும் கூடும். கோடையில் மேலே இதமாக இருக்கும்போதே அடியில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். விளிம்பின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். சமதளத்தில் நடக்கும்போதே கொஞ்சம் மூச்சு வாங்கும். நின்று நின்று நடந்தால் ஒன்றும் செய்யாது.

பார்க்க வேண்டிய நேரம் காலை. நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் நிழல் மறைந்து, பள்ளத்தாக்கு முழுவதும் வெளிறிய ஒரே பரப்பாகத் தட்டையாகிவிடும். காலை எட்டு மணி வெயிலில் ஒவ்வொரு படிக்கும் நிழல் இருக்கும். அந்த நிழல்தான் முதல் பாடம். எதிர்ச் சுவரைக் கவனியுங்கள். செங்குத்தாக இறங்கும், பிறகு சரியும், மறுபடி செங்குத்தாக இறங்கும், மறுபடி சரியும். சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் வறண்ட பருவநிலையைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கின்றன. களிமண் இறுகி உண்டான ஷேல் பாறை எளிதில் பொடிந்து சரிவாகிறது. அடியிலுள்ள ஷேல் கரையும்போது மேலே உள்ள கல்லுக்குப் பிடிமானம் போய், அது பெரிய துண்டாக உடைந்து விழுகிறது. பள்ளத்தாக்கை ஆழப்படுத்தியது ஆறு. அதை இவ்வளவு அகலமாக்கியது மழை, பனி, விரிசலில் உறையும் நீர், பக்க ஓடைகளில் பாயும் திடீர் வெள்ளம் எல்லாம் சேர்ந்து. விழுந்ததை அள்ளிக்கொண்டு போக ஆறு இல்லாமல் போயிருந்தால் இந்தப் பள்ளம் தன் இடிபாடுகளாலேயே தூர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் அங்கேயே பார்க்கலாம். ஆறு நடுவில் ஓடவில்லை. தெற்கு விளிம்பை ஒட்டி ஓடுகிறது. வடக்கிலிருந்து வரும் பக்கப் பள்ளத்தாக்குகள் நீளமானவை, தெற்கிலிருந்து வருபவை குட்டையானவை. இந்தப் பீடபூமி தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வடக்கு விளிம்பு தெற்கைவிடச் சுமார் 300 மீட்டர் உயரம். அங்கே விழும் மழையும் பனியும் பள்ளத்தாக்குக்குள் வடிந்து அரிக்கின்றன. நம் காலடியில் விழும் மழையோ பள்ளத்தை விட்டு விலகித் தெற்கே ஓடிவிடுகிறது. நேர் எதிரே ஒரு நீண்ட பள்ளத்தாக்கு கோடு கிழித்தது போல வருவதும் தெரியும். அது பிரைட் ஏஞ்சல் பிளவு. நிலம் உடைந்து ஒரு பக்கம் மேலேறிய இடத்தில் பாறை நொறுங்கியிருக்கும், நீர் அந்த வழியையே பிடித்துக்கொண்டது. எங்கள் பிள்ளைகள் இறங்கிய பாதையும் அதே பிளவின் தெற்கு முனைதான். பிளவு இல்லாத இடத்தில் ரெட்வால் என்னும் செங்குத்துச் சுவர் எவரையும் எளிதில் இறங்க விடாது.

அந்த ரெட்வால் சுவரின் சிவப்பு அதனுடையது அல்ல. அது சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். அதற்கு மேலுள்ள அடுக்குகளின் இரும்பு ஆக்சைடு மழையில் கழுவப்பட்டு வழிந்து, 150 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்குச் சாயம் பூசியிருக்கிறது. அண்மையில் ஒரு துண்டு உடைந்து விழுந்த இடங்களில் உள்ளே இருக்கும் சாம்பல் நிறம் தொலைநோக்கியில் தெரியும்.

இங்குள்ள பெயர்களில் தமிழ் வாசகருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உள்ளே தனித்து நிற்கும் பாறைக் குன்றுகளுக்கு விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள் என்று பெயர். 1882இல் இந்தப் பகுதியைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர், கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயர்களை இந்தக் குன்றுகளுக்குச் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கினார். பின்வந்தவர்கள் ராமரையும் கிருஷ்ணரையும் சேர்த்தார்கள். பள்ளத்தாக்கின் அடியில் கறுத்துக் கிடக்கும் மிகப் பழைய பாறைகளில் ஒன்றுக்கும் விஷ்ணு ஷிஸ்ட் என்றே பெயர்.

யாவபாய் முனையில் 1928இல் கட்டிய சிறு கற்கட்டடம் ஒன்று இருக்கிறது. இப்போது அது நிலவியல் அருங்காட்சியகம். பள்ளத்தாக்கின் அமைப்பு நன்றாகத் தெரியும் இடம் எது என்று நிலவியலாளர்களே தேர்ந்தெடுத்த முனை அது. அதன் அருகில் தொடங்குகிறது காலப் பாதை. இதை நடந்துவிட வேண்டும். விளிம்பை ஒட்டிப் போடப்பட்ட சமதளப் பாதை. சக்கர நாற்காலியிலும் போகலாம். ஒவ்வொரு மீட்டருக்கும் தரையில் ஒரு வெண்கலக் குமிழ். ஒரு மீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டு. பத்தாவது குமிழ்தோறும் எண் பொறித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பாறையிலிருந்தும் ஒரு துண்டைக் கொண்டுவந்து, அதன் வயதுக்கு உரிய மீட்டரில் மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். தொடலாம், தடவலாம். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் கார்ல் கார்ல்ஸ்ட்ராம், லாரா கிராஸி முதலான நிலவியலாளர்கள் திட்டமிட்டு, 2010இல் திறக்கப்பட்டது.

என் மனைவி கணக்கு ஆசிரியையாக இருந்தவர். முதல் குமிழருகே நின்று மனக்கணக்குப் போட்டுவிட்டார். மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டு 30 சென்டிமீட்டர். சங்க இலக்கியத்தின் இரண்டாயிரம் ஆண்டு 2 மில்லிமீட்டர். பிறகு நடந்தோம். நூறு மீட்டர், இருநூறு மீட்டர். பள்ளத்தாக்குச் சுவரின் கல் ஒன்றுகூட வரவில்லை. 270ஆம் மீட்டரில்தான் முதல் கல், கைபாப் சுண்ணாம்புக்கல். வெள்ளையும் மஞ்சளும் கலந்த, கை வைத்தால் சொரசொரக்கும் கல். விளிம்பில் நாம் நிற்கும் தரையே அதுதான். அதில் கடற்பஞ்சுகளும் சிப்பி போன்ற பிராக்கியோபாடுகளும் பதிந்திருக்கின்றன. 27 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த உச்சி ஆழமில்லாத கடலின் தரையாக இருந்தது. டைனோசர்கள் தோன்றியதே இதற்குப் பிறகு. ஆகவே கிராண்ட் கேன்யன் சுவரில் டைனோசர் எலும்பு கிடையாது. அவை வாழ்ந்த காலத்தின் அடுக்குகளும் ஒரு காலத்தில் இங்கே, இந்தத் தரைக்கு மேல், ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தடிப்பில் இருந்தன. எல்லாம் அரிக்கப்பட்டுப் போய்விட்டன.

சில மீட்டர் தள்ளி கொக்கோனினோ மணற்கல். எதிர்ச் சுவரில் உச்சிக்குச் சற்றுக் கீழே வெளிறிய பட்டையாகத் தெரிவது இதுதான். இதில் கோடுகள் கிடைமட்டமாக இல்லாமல் சாய்வாக ஓடும். அது காற்று குவித்த பாலைவன மணல்மேட்டின் சாய்வு. அந்த மணலில் நடந்த ஊர்வனவற்றின் கால்தடங்கள் கல்லாகி இருக்கின்றன. 340இல் ரெட்வால், 500ஐத் தாண்டியதும் டேப்பீட்ஸ் மணற்கல். கடல், பாலைவனம், ஆற்றுச் சமவெளி, மறுபடி கடல் என்று இடமே மாறி மாறி வருகிறது.

740 முதல் 1,255 வரை இன்னொரு கூட்டம் பாறைகள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு அப்பால் பாதை வெறுமையாகிவிடுகிறது. 1,300, 1,400, 1,500. குமிழ்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

“என்னங்க, கல்லையே காணோம்?” என்றார் மனைவி.

அந்தக் கேள்வி வரவேண்டும் என்பதற்காகத்தான் பாதையையே இப்படி அமைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 400 மீட்டர், அதாவது 40 கோடி ஆண்டு, பள்ளத்தாக்கில் அநேகமாக எந்தப் பாறையும் மிஞ்சவில்லை. காலம் ஓடியது, சாட்சி இல்லை. 1,660ஐ நெருங்கும்போது விஷ்ணு ஷிஸ்ட்டும் அதை ஊடுருவிய கிரானைட்டும் வருகின்றன. கறுத்து, மடிந்து, மினுக்கும் கல். எரிமலைத் தீவுகளின் லாவாவும் கடல் வண்டலும் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்துக்குள் அமிழ்ந்து வெந்து உருமாறியதன் விளைவு இது. கடைசிக் கல் 1,840ஆம் மீட்டரில். எல்வ்ஸ் கேஸம் நைஸ், 184 கோடி ஆண்டு.

அதைத் தொட்டபோது எனக்குப் பல்லாவரம் நினைவுக்கு வந்தது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது. 1893இல் தாமஸ் ஹாலந்து அதற்குப் பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைமேல் வைத்திருந்த கல் அந்த வகை என்பதால் அந்தப் பெயர். பரங்கிமலைப் பாறையை நம் நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. காலப் பாதையில் அதற்கு மேடை கட்டுவதானால், கடைசிக் கல்லைத் தாண்டி இன்னும் அரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கிராண்ட் கேன்யனின் எந்தக் கல்லையும்விடப் பழைய கல் சென்னை விமான நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. அங்கே இதுபோல ஒரு பாதை நாம் போடவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பாதை முடியும் கிராமப் பகுதியைத் தாண்டினால் பிரைட் ஏஞ்சல் விடுதி. 1935இல் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. உள்ளே ஓர் அறையில் ஆளுயரத்தைத் தாண்டிய கணப்பு அடுப்பு. தரையில் ஆற்றோரக் கல், உச்சியில் கைபாப் கல், நடுவில் பள்ளத்தாக்கின் அடுக்குகள் அதே வரிசையில். இறங்க முடியாதவர்களுக்குப் பள்ளத்தாக்கின் சுவரையே அறைக்குள் எழுப்பிவிட்டார் கோல்ட்டர். அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது மனைவி கேட்டார்: “அப்போ இந்தப் பள்ளமும் 180 கோடி வருஷம் பழசா?”

படித்தவர்களும் குழம்பும் இடம் இது. பாறையின் வயது வேறு, பள்ளத்தின் வயது வேறு. சுவரின் இளைய கல்லுக்கே வயது 27 கோடி. பள்ளமோ, இன்று நாம் காணும் வடிவில், சுமார் 50 முதல் 60 லட்சம் ஆண்டு. காலப் பாதையில் ஐந்தாறு மீட்டர்தான். பாறையின் வயதைக் கணிப்பதைவிடப் பள்ளத்தின் வயதைக் கணிப்பது கடினம். இல்லாமல் போன ஒன்றுக்கு எப்படி வயது சொல்வது?

பள்ளம் உருவான விதத்துக்குப் பழைய விளக்கம் ஒன்று ஜான் வெஸ்லி பவெலிடமிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலக் கையை இழந்தவர். 1869இல் நான்கு படகுகளில் ஒன்பது ஆண்களோடு புறப்பட்டார். கொலராடோ ஆற்றின் வழியே இந்தப் பள்ளத்தாக்கை முழுமையாகக் கடந்து ஆராய்ந்தவர் அவர். ஆறு முதலில் இருந்தது, நிலம் அதன் குறுக்கே மெல்ல உயர்ந்தது, ஆறு அறுத்தபடியே தன் மட்டத்தில் நின்றது என்றார். அரிவாள்மனையில் கத்தி அசையாமல் நிற்க, காயைத்தானே நாம் தள்ளுகிறோம், அது போல. அழகான விளக்கம். ஆனால் இன்றைய சான்றுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. இந்தப் பீடபூமி உயரத் தொடங்கியது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். கொலராடோ ஆறு இன்றைய வழியில் பாய்ந்து, அப்போது திறந்துகொண்டிருந்த கலிபோர்னியா வளைகுடாவை எட்டியது 50, 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான். உயரத்தில் இருந்த ஆற்றுக்குத் திடீரென்று கடல்வரை சரிவு கிடைத்தது. அந்தச் சரிவுதான் அறுத்தது.

இதிலும் ஒரு சச்சரவு எழுந்தது, அது அறிவியல் எப்படி நடக்கிறது என்பதற்கு நல்ல பாடம். அபடைட் என்ற கனிமத்தின் சிறு படிகங்களில் துளி யுரேனியமும் தோரியமும் இருக்கும். அவை சிதையும்போது ஹீலியம் உண்டாகும். பாறை ஆழத்தில் சூடாக இருக்கும்வரை அந்த வாயு வெளியேறிவிடும். மேலே இருந்த பாறை அரிக்கப்பட்டுப் போய், இது மேற்பரப்பை நெருங்கி, சுமார் 70 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகு ஹீலியம் படிகத்திலேயே தங்கிவிடும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளந்தால், தலைக்கு மேலிருந்த சுமை எப்போது விலகியது என்று தெரியும். 2012இல் இந்த முறையைப் பயன்படுத்திய ஆய்வு ஒன்று, பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி 7 கோடி ஆண்டு பழையது என்றது. பலர் மறுத்தார்கள். 2014இல் கார்ல்ஸ்ட்ராம் குழு, அதாவது காலப் பாதையை அமைத்தவர்களில் ஒருவரின் குழு, இரு தரப்புச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தது. சில துண்டுகள் பழைய பள்ளத்தாக்குகள்தான், ஒரு துண்டு 5 முதல் 7 கோடி ஆண்டு, இன்னொன்று 1.5 முதல் 2.5 கோடி ஆண்டு. ஆறு அவற்றைக் கோத்து ஒரே பள்ளத்தாக்காக்கியது 50, 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். எனக்கு இந்த விடையே நம்பத் தகுந்ததாகத் தோன்றுகிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

பிற்பகலில் பிள்ளைகள் திரும்பியதும் காரில் கிழக்கே லிப்பன் முனைக்குப் போனோம். விளிம்பில் நிற்க ஓர் இடம் மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். காலையில் 740 முதல் 1,255 வரை தொட்ட பாறைகள் இங்கே கீழே சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் தலையைச் சீவிவிட்டதுபோல், மேலே டேப்பீட்ஸ் மணற்கல் மட்டமாகப் படிந்திருக்கிறது. பழைய பெருங்கண்டம் ஒன்று இழுபட்டு உடைந்தபோது நிலத்துண்டுகள் சாய்ந்து உள்வாங்கின. உள்வாங்கிய இடங்களில் மட்டும் இந்தப் பாறைகள் தப்பின. மற்ற இடங்களில் அவை முற்றிலும் அரிக்கப்பட்டு, 170 கோடி ஆண்டு ஷிஸ்ட்டின் மேல் நேரடியாக 50 கோடி ஆண்டு மணற்கல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் 120 கோடி ஆண்டு இல்லை. பவெல் காலம்தொட்டு நிலவியலாளர்களை ஈர்த்துவரும் பேரிடைவெளி இது. உலகையே மூடிய பனிப்பாறைகள் வழித்தெடுத்தனவா, கண்டங்களின் உடைவு காரணமா என்று இன்றும் ஆராய்கிறார்கள்.

அங்கிருந்து ஆறும் நன்றாகத் தெரிகிறது. பச்சையாக ஓடுகிறது. அந்தப் பச்சை இயல்பானது அல்ல. பவெல் கண்ட ஆறு செஞ்சேறாக ஓடியது. 1963இல் மேலே கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டதும் வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தில் தங்கிவிட்டது. அணையின் ஆழத்திலிருந்து குளிர்ந்த, தெளிந்த நீர் வருகிறது. சேறும் வெதுவெதுப்பும் பழகிய உள்ளூர் மீன்கள் தவித்தன, மணற்கரைகள் தேய்ந்தன. 1996 முதல் அவ்வப்போது செயற்கை வெள்ளம் விட்டு மணலைக் கரையேற்றப் பார்க்கிறார்கள். கோடி ஆண்டுக் கணக்கில் பேசப்படும் இடத்தில் மனிதன் ஒரு தலைமுறைக்குள் ஆற்றின் நிறத்தையே மாற்றிவிட்டான்.

திரும்புவதற்கு முன் தலைக்கு மேல் ஒரு கலிபோர்னியா காண்டர் மிதந்து போனது. இறக்கை விரிந்தால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். இறக்கையில் எண் அட்டை தெளிவாகத் தெரிந்தது. 1982இல் உலகில் இருந்தவை 22 மட்டுமே. எல்லாவற்றையும் பிடித்து வளர்த்து, 1996 முதல் அரிசோனாவில் விடுவித்துவருகிறார்கள். வேட்டைத் தோட்டாவின் ஈயம் அவற்றுக்கு நஞ்சு. நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுகளைக் கொன்றது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. இரண்டு கதையிலும் பிணம் தின்னும் பறவைக்கு வந்த கேடு மனிதன் விட்டுச்சென்ற இறைச்சி வழியாகவே வந்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாஸ் வேகஸிலிருந்து ஒருநாள் சுற்றுலா என்று விற்கப்படுபவற்றில் பல, 2007இல் திறந்த கண்ணாடிப் பாலத்துக்குப் போகின்றன. அது ஹுவலபாய் பழங்குடி மக்களின் நிலத்தில், தேசியப் பூங்காவுக்கு வெளியே, பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள வேறு இடம். நான் மேலே சொன்ன எதுவும் அங்கே கிடையாது. எந்த விளிம்பு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். முடிந்தால் தெற்கு விளிம்பிலேயே ஓர் இரவு தங்குங்கள், அறைகளை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். காலப் பாதையை யாவபாயிலிருந்து கிராமத்தை நோக்கி நடங்கள், இன்றிலிருந்து பின்னோக்கிப் போவது அந்தத் திசையில்தான். பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகள் அவர்களைக் காட்சிமுனைக்கு ஐந்து நிமிடம் என்று காரில் ஏற்றி இறக்காமல், விளிம்பில் ஒரு முழு நாளை அவர்களுக்குக் கொடுங்கள்.